கூரையின்மேல் ஒரு குடில்



டேவிட் அட்லர் என்பவர் சிறுவருக்கு எழுதிய படக்கதை நூலொன்று 1976இல் அமெரிக்காவில் வெளிவந்தது. நகரத்து மாடிக் கட்டடமொன்றில் குடியிருக்கும் யூத முதியவர், அறுவடைத் திருநாளைக் கொண்டாட அக்கட்டடத்தின் மொட்டைமாடியில் ஒரு குடில் அமைக்கிறார். வீட்டுச் சொந்தக்காரி பொறுப்பாளா? வழக்கு நீதிமன்றம்வரை போகிறது. குடிலைப் பிரிக்க நீதிபதி தவணை கொடுக்கிறார். திருநாள் முடியும்வரை போதுமான தவணை!

கதையைக் கேட்டுச் சிரித்த பிள்ளை, "நல்ல வீடு இருக்க ஏன் கொட்டில்?" என்று கேட்கும். அதற்கான விடை நம் வேதாகமத்திலேயே உண்டு. எகிப்தினின்று மீட்கப்பட்ட முன்னோர் குடில்களில் வாழ்ந்ததைத் தலைமுறைகள் அறியும்படி, ஏழு நாள் குடிலில் தங்கவேண்டும் என்கிறது லேவியராகமம் 23ஆம் அதிகாரம். இதுவே சுக்கோத் என்னும் கூடாரத் திருவிழா.

அது வரும் காலத்தைக் கவனியுங்கள். தானியமும் திராட்சை இரசமும் சேர்ந்து களஞ்சியம் நிறைந்திருக்கும் வேளை. கைநிறைய இருக்கும்போதுதானே மனிதன் பழையதை மறக்கிறான்! ஆகவே அவனை வீட்டைவிட்டு வெளியே உட்காரவைக்கிறது சட்டம். கூரைக்கு வெட்டிய கிளைகளும் தழைகளுமே போடலாம். பகலில் வெயிலைவிட நிழல் மிகுந்திருக்கவேண்டும். இரவில் இடைவெளியூடே விண்மீன்கள் தெரிவது நல்லது. அநாதையும் விதவையும் அந்நியனும் அம்மகிழ்ச்சியில் பங்குபெற வேண்டும் என்கிறது உபாகமம் 16ஆம் அதிகாரம். (நாசரேத்தில் குடில் கட்டச் சூசையப்பருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்!)

1995இல் வலிகாமத்தைவிட்டு நடந்தவர்களும், 2009இல் முகாம் கூடாரங்களில் இருந்தவர்களும் நம்மிடையே உண்டு. அந்த இரவுகளைப்பற்றிப் பிள்ளைகளிடம் வாய்திறவாத வீடுகள் எத்தனை! நோவு பெரிது என்பதை அறிவேன். யூதரோ தம் கூடார வாழ்வை ஆண்டுதோறும் பிள்ளைகளோடு அமர்ந்து, உணவருந்தி நினைவுகூருகிறார்கள். அதுவும் மகிழ்ச்சியோடு செய்யவேண்டும் என்பதே கட்டளை.

இன்றிரவு யோவான் நற்செய்தி 7ஆம் அதிகாரத்தை வீட்டில் வாசியுங்கள். வாசிக்குமுன் இதைச் சொல்லுங்கள்: இத்திருநாட்களில் எருசலேம் குருக்கள் சீலோவாம் குளத்து நீரைப் பொற்குடத்தில் மொண்டுவந்து பீடத்தில் வார்ப்பார்கள். நெடுங்கோடை முடிந்து, மழையை எதிர்நோக்கி நிலம் காத்துக்கிடக்கும் காலம் அது. அத்திருவிழாவின் கடைசி நாளில்தான் ஆண்டவர் எழுந்து நின்று, தாகமுற்றோரைத் தம்மிடம் வந்து பருகும்படி உரத்த குரலில் அழைத்தார்.