ஒளி குன்றிய விண்மீன் மண்டலங்கள்

ஒரு தம்ளர் பாலை ஓர் அண்டா நீரில் ஊற்றிப் பாருங்கள். பால் குறைந்துவிடவில்லை, ஆனால் அதன் வெண்மை எங்கோ போய்விடுகிறது. வானத்திலும் இத்தகைய மண்டலங்கள் உள்ளன. அகலத்தில் நம் பால்வீதிக்கு நிகரானவை. விண்மீன்களோ அதில் நூற்றில் ஒரு பங்கு, சிலவற்றில் அதனினும் குறைவு. இரவு வானத்துக்கே இயற்கையாக ஒரு மெல்லிய ஒளி உண்டு. இவற்றின் ஒளி அதைவிட மங்கலானது. பிறகு எப்படிக் கண்ணில் படும்?

2015ஆம் ஆண்டில், பீட்டர் வான் டோக்கும் என்னும் அறிஞரின் குழு, சுமார் 30 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள கோமா கொத்தில் இத்தகையவை 47 இருப்பதாக அறிவித்தது. அவர்கள் பயன்படுத்தியது பிரம்மாண்டமான தொலைநோக்கி அன்று. காமிரா லென்சுகள் எட்டினைச் சேர்த்துக் கட்டிய கருவிதான்! தும்பியின் கண்போல் இருப்பதால் அதற்குத் தும்பி என்றே ஆங்கிலத்தில் பெயர். அதே ஆண்டில், ஹவாய்த் தீவிலுள்ள சுபாரு தொலைநோக்கியின் பழைய படங்களைத் தேடியபோது 800க்கும் மேற்பட்டவை அகப்பட்டன. படங்களில் அவை முன்பே இருந்தன, தேடுவார்தாம் இல்லை.

இவை எவ்வாறு உண்டாயின? பெரிதாக வளர வேண்டியவை பாதியில் நின்றுவிட்டனவா, அல்லது சிறியவை உப்பிப் பெருத்தனவா என்பதே வழக்கு. பெரும்பாலானவை உப்பியவையே என்ற கருத்து இன்று வலுத்துள்ளது.

உப்புவதற்குக் காரணம் ஒன்றன்று. ராட்டினம் வேகமாகச் சுற்றும்போது தொங்கும் இருக்கைகள் வெளியே விலகுவதை நாம் கண்டிருக்கிறோம். அதுபோல, வேகமாகச் சுழலும் வாயு நடுவில் குவியாமல் அகன்ற தட்டாகப் பரவுகிறது. அதில் பிறக்கும் விண்மீன்களும் விலகியே பிறக்கின்றன.

மற்றொரு காரணம் நமக்கு மிகவும் வியப்பளிப்பது. பெரிய விண்மீன்கள் சூப்பர்நோவாவாக வெடிக்கும்போது, வாயுவை வெளியே தள்ளிவிடுகின்றன. வாயு போனதும் நடுவிலுள்ள ஈர்ப்பு தளர்கிறது. பிடி தளர்ந்த விண்மீன்கள் மெல்ல வெளிப்புறம் நகர்கின்றன. வாயு மீண்டும் திரும்பும். மீண்டும் வெடிப்பு நிகழும். இப்படிப் பலமுறை நடந்து மண்டலமே தளர்ந்துவிடுகிறது. பெரிய கொத்துகளுக்குள் விழுந்தவற்றை அங்குள்ள ஈர்ப்பும் இழுத்து நீட்டுகிறது; எஞ்சிய வாயுவும் பறிபோவதால் புதிய விண்மீன் பிறப்பதில்லை.

இவை எதற்கும் அடங்காததும் ஒன்று உண்டு. 2018இல் ஆராயப்பட்ட டிஎஃப்2 என்னும் மண்டலத்தில், மற்ற மண்டலங்களைப் பிணைத்து வைக்கும் கரும்பொருள் ஏறக்குறைய இல்லையென்றே அளவீடுகள் காட்டின. இரு சிறு மண்டலங்கள் அதிவேகமாக மோதியபோது வாயு மட்டும் நடுவில் தங்கிவிட, கரும்பொருள் தடையின்றிக் கடந்து போயிருக்கலாம் என்றும், தங்கிய வாயுவிலிருந்து ஒரே வரிசையாகப் பல மண்டலங்கள் பிறந்தன என்றும் அதே குழுவினர் 2022இல் எழுதினர்.