மாட்டுக்கு மருந்து பருக்குதல்: இருமலும் மூச்சும்

"வயிற்றுப் பொருமலுக்கு எண்ணெய் பருக்கினோம், பொருமல் தணிந்தது, சில நாட்களில் மாடு மூச்சிரைத்து இறந்துவிட்டது" எனக் கமக்காரர் சிலர் முறையிடுவதுண்டு. இத்தகைய இழப்புக்கு மருந்து பருக்கிய முறையே காரணமாயிருத்தல் கூடும்.

மூச்சின் காவல்

செத்தல் மிளகாய் நெருப்பில் விழுந்தால் தும்முகிறோம், இருமுகிறோம், ஒரு கணம் மூச்சும் அடைக்கிறது. காரம் இரத்தத்திற் கலந்து இதனைச் செய்வதன்று. மூக்கிலும் தொண்டையிலுமுள்ள நரம்புகள் உறுத்தலை மூளைக்கு அறிவிக்க, அங்கிருந்து சுவாசத் தசைகளுக்கு உடனே கட்டளை செல்கிறது. இது தெறிவினை எனப்படும். 1870இல் வியன்னா நகரில் கிராச்மர் என்னும் ஆராய்ச்சியாளர் முயலின் மூக்கினுள் புகையிலைப் புகையைச் செலுத்தியபோது, அதன் மூச்சு உடனே நின்றதைக் கண்டார். நச்சுப்பொருள் சுவாசப்பையை அடையாது தடுக்கும் காவல் இதுவாகும்.

இக்காவல் எல்லாப் பிராணிகளிடத்தும் ஒரே பொருளுக்கு விழிப்பதில்லை. மிளகாயின் காரம் மனிதரையும் மாட்டையும் உறுத்தும். பறவைகளின் நரம்பை அது தூண்டுவதில்லை. ஆகவேதான் அவை பழுத்த மிளகாயைத் தயங்காது கொத்தித் தின்கின்றன. ஆனால் ஈரமான கோழிக்கூட்டில் எழும் அமோனியா வாயு கோழியையும் வருத்தும்.

எண்ணெயின் ஆபத்து

காரமான மருந்து வழிதவறினால் மாடு உடனே இருமும். எண்ணெயோ உறுத்தாத பொருள். அது மூச்சுக்குழாயில் இறங்கினாலும் இருமல் எழாதிருக்கலாம். ஆதலால், "மாடு இருமவில்லை, மருந்து வயிற்றுக்கே சென்றது" என எண்ணுதல் தவறு. சுவாசப்பையிற் சேர்ந்த எண்ணெய் அழற்சியை உண்டாக்கும். காய்ச்சல், விரைந்த மூச்சு, தீவனத்தில் வெறுப்பு என்பன அதன் அறிகுறிகளாகும்.

கவனிக்க வேண்டியவை

1. மாட்டின் மூக்கு அதன் கண்மட்டத்துக்கு மேல் உயரலாகாது.
2. நாக்கை வெளியே இழுத்துப் பிடித்தல் கூடாது. இழுத்தால் மாடு விழுங்க இயலாது.
3. கடைவாயின் பல்லில்லாத இடைவெளி வழியே சிறிது சிறிதாக ஊற்றி, விழுங்கியபின்பே மீண்டும் ஊற்றுக.
4. இருமினால் தலையை உடனே விட்டுவிடுக.
5. கன்றீன்றபின் எழமாட்டாது கிடக்கும் பசுவுக்கும், விழுங்க முடியாத மாட்டுக்கும் வாய்வழியாக எதுவும் கொடுக்கலாகாது. மிருக வைத்தியரை அழைத்தல் வேண்டும்.
6. மிகுதியான எண்ணெய் கொடுக்க நேரின், மிருக வைத்தியரைக் கொண்டு குழாய்மூலம் வயிற்றுக்குச் செலுத்துவித்தலே சிறந்தது.

அவசரத்தில் ஒரு போத்தலை முழுவதும் கவிழ்ப்பதிலும், பத்து நிமிடம் பொறுமையாகப் பருக்குவது மேல். உழவு மாட்டின் உயிர் அப்பொறுமையிலே தங்கியுள்ளது.