அப்பத்தாவின் குரலும் கம்சாளேயின் ஓசையும்

கேள்வி: ஐயா, தாத்தா காலத்தில் மேட்டூர்ப் பக்கத்திலிருந்து மைசூருக்கு வந்த குடும்பம் எங்களுடையது. ராமாபுரத்தில் இருக்கிறோம். அப்பத்தாவுக்கு 84 வயது. தாலாட்டு, நடவுப் பாட்டு, ஒப்பாரி என்று நிறையத் தெரியும். தமிழும் கன்னடமும் கலந்து வரும். குரல் இப்போது மெலிந்துவிட்டது. பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் கம்சாளே என்ற தாளம் தட்டி மாதேஸ்வரன் சாமியின் கதை பாடுவார். இருவரையும் பதிவு செய்ய ஆசை. செல்போனில் எடுத்துப் பார்த்தேன். அப்பத்தா பாடும்போது வரிக்கு வரி கடைசி எழுத்து காணாமல் போகிறது. கம்சாளேயோ தகரத்தை உருட்டுவதுபோல் கேட்கிறது. நண்பர் ஒருவர் தன் பழைய ஜூம் எச்4என் ரெக்கார்டரைக் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். கடைக்காரர், "32 பிட் ஃப்ளோட் இல்லாததைத் தொடாதே" என்கிறார். எதை நம்பி வாங்குவது?
— கல்லூரி மாணவர் ஒருவர், ராமாபுரம், மைசூர்

பதில்: தம்பி, உங்களுக்கு வந்திருப்பது ஒரு பிரச்சினை அல்ல, ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு. அப்பத்தாவின் குரல் கருவியின் சொந்த இரைச்சலுக்குள் மூழ்கிவிடுகிறது. கம்சாளே கருவியின் தலைக்கு மேல் போய் உடைகிறது. இரண்டையும் செல்போன் ஒரே மாதிரி கையாள்கிறது. பேச்சு புரிந்தால் போதும் என்ற நோக்கில் செய்யப்பட்டது அது. சத்தம் குறைந்தால் தானாக ஏற்றும், கூடினால் தானாக இறக்கும், தொடர்ந்து மெல்லக் கேட்பதை எல்லாம் இரைச்சல் என்று எண்ணி வடிகட்டும். ஒரு வரியின் முடிவில் மூச்சோடு கரையும் எழுத்து அதன் கணக்கில் இரைச்சல்தான். உங்கள் அப்பத்தா விழுங்கவில்லை, போன் விழுங்குகிறது.

முதலில் அப்பத்தா. எந்த ரெக்கார்டரிலும் மைக்குக்குப் பின்னால் ஒலியைப் பெருக்கும் ஒரு பகுதி உண்டு. மெல்லிய குரலுக்காக கெயினை, அதாவது பெருக்கும் அளவைக் கூட்டினால் அந்தப் பகுதியின் 'ஸ்ஸ்' என்ற இரைச்சலும் சேர்ந்து கூடும். மலிவான கருவிக்கும் விலை கூடிய கருவிக்கும் காதில் தெரியும் வித்தியாசம் பெரும்பாலும் இங்கேதான். நண்பர் தரும் எச்4என் 2009இல் வந்தது. அந்தக் காலத்தில் கல்லூரி மாணவர்களும் குறும்படக்காரர்களும் ஆளுக்கொன்று வைத்திருந்தார்கள். உறுதியான பெட்டி. ஆனால் மெல்லிய குரலுக்கு அதன் இரைச்சல் அதிகம் என்பது பயன்படுத்தியவர்கள் எல்லோரும் சொன்ன குறை. 2016இல் வந்த எச்4என் ப்ரோவில் அந்தப் பகுதியைத்தான் மாற்றினார்கள்.

அதற்காக அதைத் தள்ளிவிட வேண்டும் என்று சொல்லவில்லை. காசு கேட்காத மருந்து ஒன்று இருக்கிறது: தூரம். மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் குரல் 6 டெசிபல் கூடுகிறது. நான்கு முழத்திலிருந்து ஒரு முழத்துக்கு வந்தால் 12 டெசிபல். கெயினை அந்த அளவு குறைத்துக்கொள்ளலாம்; இரைச்சலும் அந்த அளவு குறையும். விலை கூடிய கருவியை வாங்கி நான்கு முழம் தள்ளி வைப்பதைவிட, சுமாரான கருவியை ஒரு முழத்தில் வைப்பது மேல். வாய்க்கு நேரே வேண்டாம், சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். 'ப' வரும்போது மூச்சு வந்து மைக்கில் மோதாது. கையில் பிடிக்கவே கூடாது, விரல் அசைவது இடி மாதிரி பதிவாகும். ஸ்டூல் மேல் துண்டை மடித்துப் போட்டு அதன்மேல் வையுங்கள்.

அடுத்தது அறை. ஃபேனை நிறுத்துங்கள், ஃபிரிட்ஜை நிறுத்துங்கள். ஃபிரிட்ஜை நிறுத்தியவுடன் என் ஸ்கூட்டர் சாவியை அதற்குள் வைத்துவிடுவது என் பழக்கம். சாவி இல்லாமல் கிளம்ப முடியாது, அதை எடுக்கும்போது ஃபிரிட்ஜை மறுபடி போட மறக்காது, பாலும் கெடாது. மொசைக் தரையும் சுண்ணாம்புச் சுவரும் உள்ள கூடத்தில் குரல் எதிரொலிக்கும். துணி அடுக்கிய அறை, மெத்தை போட்ட அறை, நெல் மூட்டை அடுக்கிய அறை மூன்றும் நல்லவை. ஸ்டுடியோவில் காசு செலவழித்துச் செய்வதைக் கிராமத்து வீட்டில் நெல் மூட்டை இலவசமாகச் செய்யும்.

இனி கம்சாளே. ஒரு கையில் கிண்ணம்போல் குழிந்த வெண்கலத் தாளம், மறு கையில் கயிறு கோத்த தட்டை வட்டு. இரண்டும் மோதும் கணம் மிகக் குறுகியது, மிகக் கூரானது. லெவல் மீட்டரில் அதைக் கண்ணால் பிடிப்பது கடினம். கண் பார்ப்பதற்குள் அடி முடிந்திருக்கும். மீட்டரில் எல்லாம் ஒழுங்காகத் தெரியும், வீட்டுக்கு வந்து கேட்டால் ஒவ்வொரு அடியும் உடைந்திருக்கும். பெரியவர் உட்கார்ந்து பாடினால் மூன்று நான்கு மீட்டர் தள்ளி, மார்பு உயரத்தில், திறந்த முற்றத்தில் வையுங்கள். மூடிய அறையில் வேண்டவே வேண்டாம். "ஒரு தடவை தட்டிக் காட்டுங்கள்" என்றால் எந்தக் கலைஞரும் அடக்கமாகத்தான் தட்டுவார். கதையில் மாதேஸ்வரன் அரக்கனை வெல்லும் இடம் வந்ததும் கை வேறு வேகம் எடுக்கும். ஆகவே மாதிரித் தட்டலுக்கு உச்சம் மைனஸ் 12 டெசிபலில் நின்றால், அதையும் மைனஸ் 18க்கு இறக்கிவிட்டுத் தொடங்குங்கள்.

அவ்வளவு இறக்கினால் தரம் போகாதா என்று கேட்பீர்கள். 16 பிட் பதிவில் மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் நடுவே 96 டெசிபல் இடம் உண்டு; 24 பிட்டில் கணக்குப்படி 144. எந்தக் கையடக்கக் கருவியின் மைக்கும் அந்த 144ஐ நிரப்பப்போவதில்லை. எனவே 24 பிட்டில் குறைவான லெவலில் எடுத்துவிட்டு, பிறகு கணினியில் ஏற்றிக்கொண்டால் நஷ்டமில்லை.

கடைக்காரர் சொல்லும் 32 பிட் ஃப்ளோட் நல்ல வசதிதான். லெவல் வைக்க மறந்தாலும், கருவிக்குள் எண்ணாக மாறும் இடத்தில் ஒலி உடையாது. ஜூம் எச்1 எசென்ஷியல் போல, 2024இல் வந்த சின்னக் கருவியிலேயே அது வந்துவிட்டது. ஆனால் கடைக்காரர் சொல்லாமல் விட்ட பாதி ஒன்று உண்டு. மைக்கின் சவ்வுக்கும் ஒரு வரம்பு இருக்கிறது. இந்த வகைக் கருவிகளில் அது பெரும்பாலும் 120 டெசிபல் பக்கம். கம்சாளேயை முகத்தருகே வைத்துத் தட்டினால் உடைவது சவ்வில். அங்கே உடைந்ததை எத்தனை பிட் போட்டாலும் ஒட்ட முடியாது. அப்பத்தாவின் குரலுக்குப் பின்னால் கேட்கும் இரைச்சலையும் அது குறைக்காது. இருந்தால் சந்தோஷம். இல்லாவிட்டால் ஒரு நல்ல பதிவும் கெட்டுவிடாது.

ஒலித்தரத்தைப் பற்றி இவ்வளவு பேசினாலும், எனக்கு உண்மையில் பயம் வேறு விஷயத்தில். ஒரு தடவை விடிய விடிய நடந்த தெருக்கூத்தைப் பதிவு செய்தேன். அதிகாலை நாலு மணிக்கு செல் தீர்ந்து கருவி அணைந்தது. வீட்டில் வந்து பார்த்தால் கோப்பின் நீளம் பூஜ்யம். வேவ் கோப்பின் தலைப்பில் மொத்த நீளத்தை எழுத வேண்டும். பல கருவிகள் அதை ஸ்டாப் பொத்தானை அழுத்தும்போதுதான் எழுதும். நடுவில் மின்சாரம் போனால் ஒலி கார்டில் இருக்கும், அதற்கு முகவரி இருக்காது. கைவிட வேண்டியதில்லை. அந்தக் கார்டில் வேறெதையும் பதியாமல் எடுத்து வைத்து, கோப்பு மீட்பு மென்பொருளால் உள்ளிருப்பதை வெளியே எடுங்கள். பிறகு ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் 'ரா டேட்டா' என்று இறக்குமதி செய்து பிட், சாம்பிள் ரேட், ஸ்டீரியோ மூன்றையும் சரியாகச் சொன்னால் பெரும்பகுதி திரும்ப வரும். எனக்கு வந்தது, இரண்டு நாள் தூக்கம் போன பிறகு. அன்றிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒரே கோப்பாக ஓட விடுவதில்லை. பாடுகிறவர் தண்ணீர் குடிக்கும்போது ஸ்டாப், மறுபடி ரெக்கார்ட்.

இன்னொரு பொறி எச்4என்னிலும் டாஸ்காம் டிஆர்05 வகையிலும் உண்டு. ரெக்கார்ட் பொத்தானை ஒரு முறை அழுத்தினால் சிவப்பு விளக்கு மினுக்கும். அது தயார்நிலை மட்டும்தான். மறுபடி அழுத்தினால்தான் விளக்கு நிலையாக எரிந்து, நொடி ஓடும். மினுக்கும் விளக்கைப் பார்த்துக்கொண்டே மணிக்கணக்கில் ஒன்றும் பதியாமல் உட்கார்ந்திருந்தவர்கள் இந்தத் தொழிலில் ஏராளம். நொடி ஓடுகிறதா என்று பாருங்கள், ஹெட்போனிலும் கேளுங்கள்.

செல்லுக்கு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் வகை நல்லது. ஆனால் அது 1.2 வோல்ட், சாதா செல் 1.5. மெனுவில் எந்த வகை என்று சொல்லாவிட்டால் கருவி மிச்சத்தைத் தவறாகக் காட்டும். தனி மைக் மாட்டி 48 வோல்ட் கொடுத்தால் செல் வேகமாகத் தீரும். கார்டில் போலி அதிகம்; 64 ஜிபி என்று எழுதியிருக்கும், உள்ளே 8 இருக்கும், நிறைந்த பிறகு பழையதன்மேல் எழுதும். வாங்கியவுடன் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச நிரலால் முழுவதையும் எழுதிப் படித்துப் பாருங்கள். எச்4என் 32 ஜிபிக்கு மேல் ஏற்காது. அதுவே தாராளம்: 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோவில் ஒரு மணி நேரம் சுமார் 1 ஜிபி. ஒலிக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கமான ஐஏஎஸ்ஏ கேட்கும் குறைந்தபட்சமும் அந்த 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்தான். எம்பி3இல் மட்டும் எடுக்காதீர்கள்.

ஆக, உங்கள் நண்பரின் எச்4என்? அவர் முன்னாலேயே ஒரு மணி நேரம் பதிவு செய்து பாருங்கள். ரெக்கார்ட் பொத்தான் ஒவ்வொரு தடவையும் ஏற்கிறதா, ஹெட்போன் துளையை அசைத்தால் கரகரக்கிறதா, கார்டைக் கழற்றி மாட்டினால் உடனே தெரிகிறதா என்று பாருங்கள். மேல்பூச்சு ரப்பர் பிசுபிசுத்தால் அசிங்கம்தான், பழுதல்ல. புதுச் சின்னக் கருவி ஒன்றின் விலையில் பாதிக்கும் கீழே கொடுத்தால் வாங்கலாம். இல்லாவிட்டால் இரண்டு செல்லில் ஓடும் புதியது ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மிச்சக் காசில் ரோமம் வைத்த காற்றுத் தடுப்பு ஒன்று. அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

இரைச்சலைவிட இழப்புக்கு நான் அஞ்சுவதற்குக் காரணம் உண்டு. டச்சுக்காரர் ஆர்னால்ட் பேக் 1938இல் கர்நாடகம், கேரளம், தமிழகம் சுற்றி நாட்டார் பாடல்களைப் பதிவு செய்தார். 46 ஆண்டு கழித்து, 1984இல், நசீர் ஜெய்ராஸ்பாயும் ஏமி கேட்லினும் அந்தப் பதிவுகளோடு அதே ஊர்களுக்குத் திரும்பினார்கள். எது நிலைத்தது, எது மாறியது என்று ஒப்பிட்டார்கள். அவர்கள் கையில் இருந்தவற்றின் ஒலித்தரம் உங்கள் செல்போனைவிட மோசம். இருந்தாலும் ஒப்பிட ஏதோ இருந்தது.

ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் தேதி, ஊர், பாடுகிறவர் பெயர், எந்தச் சமயத்தில் பாடும் பாட்டு என்று நீங்களே வாயால் சொல்லிவிடுங்கள். கோப்பின் பெயர் மாறினாலும் குரல் மாறாது. அன்றிரவே இரண்டு இடங்களில் நகல் எடுத்த பிறகுதான் கார்டை அழிக்க வேண்டும். 1969இல் தொடங்கிய இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் மைசூர் மானசகங்கோத்ரியிலேயே இருக்கிறது. பெரியவரும் அப்பத்தாவும் சம்மதித்தால், நகல் ஒன்றை ஏற்பார்களா என்று அங்கே நேரில் போய்க் கேட்டுப் பாருங்கள்.

ஒப்பாரி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. சாவு விழாத வீட்டுக்குள் அதைப் பாட நம் பெண்கள் பலர் ஒப்ப மாட்டார்கள். அப்பத்தா மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். தோட்டத்துப் பக்கம் அழைத்துப் போய்க் கேட்டால் பாடக்கூடும். அங்கே காற்று அடிக்கும். அந்த ரோமத் தடுப்பை மாட்டிக்கொண்டு, மெனுவில் காற்றின் தாழ்ந்த உறுமலை வெட்டும் 80 ஹெர்ட்ஸ் லோ கட்டைப் போட்டுவிட்டு, இன்னும் ஒரு சாண் கிட்டே வையுங்கள்.