365 படி, அஞ்சு "ஏன்": வருஷக் கடைசியில் திருத்தணி சொல்லிக் கொடுத்த பாடம்

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!

டிசம்பர் கடைசி வாரம் வந்தாச்சு. ஆபீஸ்ல அப்ரைசல் ஃபார்ம் நிரப்பச் சொல்லி மெயில் வந்திருக்கும். ஸ்டேட்டஸ் முழுக்க புது வருஷத் தீர்மானம். ஜிம், டயட், காலையில 5 மணிக்கு எழுந்திருக்கிறது... நானும் வருஷா வருஷம் எழுதுவேன். பிப்ரவரி வந்தா அந்த லிஸ்ட் எங்கே இருக்குன்னே தெரியாது.

இந்தப் பதிவு தீர்மானம் எடுக்கிறது பத்தி இல்லை. அதுக்கு முன்னாடி ஏற வேண்டிய ஒரு படி இருக்கு. "இது எனக்கு ஏன் வேணும்?" என்று நம்மளை நாமே கேட்கிறதுதான் அது. அந்தக் கேள்வியை நான் கேட்டது போன டிசம்பர் 31 ராத்திரி, திருத்தணி மலைப்படியில.

என் கதை

போன வருஷம் ஆன்சைட் வாய்ப்பு கிடைக்கணும்னு வேண்டிக்கிட்டு 48 நாள் வேல்மாறல் பாராயணம் பண்ணினேன். ஒரு நாள் கூட விடலை. மொபைல் ஆப்ல தினமும் டிக் போட்டேன். 48-ம் நாள் ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸ் கூட வச்சேன்.

வாய்ப்பு டீம்ல வேற ஒருத்தருக்குப் போச்சு.

அன்னைக்கு ராத்திரி விளக்கு ஏத்தலை. அடுத்த நாளும் ஏத்தலை. "இவ்வளவு பண்ணியும் முருகன் கண்ணு திறக்கலையே" என்று கோபம். அப்படியே ரெண்டு மாசம் ஓடிடுச்சு. வீட்டுக்கும் சரியா போன் பண்ணலை. கடைசியில அம்மாதான், "எனக்காக வாடா, அப்பாவுக்கு முட்டி வலி, துணைக்கு ஆள் வேணும்" என்று சொல்லி திருத்தணி படித் திருவிழாவுக்கு வரவச்சாங்க.

படித் திருவிழா எப்படி வந்தது?

திருத்தணி மலைக்கு 365 படி. வருஷத்துல ஒரு நாளைக்கு ஒரு படின்னு பெரியவங்க சொல்வாங்க. டிசம்பர் 31 அன்னைக்கு ஒவ்வொரு படிக்கும் மஞ்சள், குங்குமம் வச்சு, பூப் போட்டு, கற்பூரம் ஏத்தி, திருப்புகழ் பாடிக்கிட்டே ஏறுவாங்க.

இதை ஆரம்பிச்சவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். நாம படிக்கிற வேல்மாறலைத் தொகுத்துக் கொடுத்தவரும் அவர்தான்! மைசூர் அரண்மனையில சமையல் வேலை பார்த்தவர். தீராத வயித்து வலியோட பழனிக்கு வந்தவர், திருப்புகழ்ல மனசைப் பறிகொடுத்து வாழ்க்கையையே அதுக்குக் கொடுத்துட்டார்.

1917-ம் வருஷக் கடைசியில நடந்தது இது. வெள்ளைக்காரங்க ஆட்சி. ஜனவரி 1 ஆனா நம்ம ஆளுங்க மாலை, பழம் எல்லாம் எடுத்துக்கிட்டு துரைமார் வீட்டு வாசல்ல போய் நிப்பாங்களாம். சுவாமிகள் அதைப் பார்த்தார். துரைகளுக்கெல்லாம் பெரிய துரை தணிகைமலையில இருக்கும்போது இவங்க ஏன் அங்கே போய் நிக்கணும்னு நினைச்சார். அன்பர்களைக் கூட்டிக்கிட்டு படி படியா பாடி ஏற ஆரம்பிச்சார்.

இந்தக் கதையை எனக்குச் சொன்னது அப்பா. ஏறும்போது, மூச்சு வாங்க நின்ன இடத்துல. சொல்லி முடிச்சதும் எனக்கு ஒண்ணு உறைச்சது. அந்த ஆளுங்க கையில இருந்த மாலையும் பழமும் தப்பில்லை. எந்த வாசலுக்குக் கொண்டு போறோம், எதுக்காகப் போறோம்ங்கிறதுலதான் சுவாமிகள் கை வச்சார். அப்போ என் 48 நாள் எந்த வாசலுக்குப் போச்சு?

அஞ்சு "ஏன்"

நம்ம துறையில ஒரு பழக்கம் இருக்கு. ப்ரொடக்ஷன்ல ஏதாவது உடைஞ்சா மேலோட்டமா சரி பண்ணிட்டு விடக்கூடாது. "ஏன் உடைஞ்சது?" என்று கேட்டு, வர்ற பதிலுக்கும் "ஏன்?" கேட்டு, வேர் வரைக்கும் போகணும். ஜப்பான்ல டொயோட்டா தொழிற்சாலையில இருந்து வந்த முறை இது. சர்வருக்கு நூறு தடவை பண்ணியிருக்கேன். எனக்கு ஒரு தடவை கூடப் பண்ணினதில்லை. அன்னைக்குப் படியில பண்ணிப் பார்த்தேன்.

1. ஆன்சைட் ஏன் வேணும்? சம்பளம் அதிகம்.
2. சம்பளம் ஏன் வேணும்? வீட்டுக் கடன் அடைக்க. (ஆனா நிஜமா கணக்குப் போட்டா, இங்கே இருந்தே நாலு வருஷத்துல அடைஞ்சிடும். அப்போ இது முழு பதில் இல்லை.)
3. பின்னே ஏன் இவ்வளவு தவிப்பு? சித்தப்பா பையன் ஜெர்மனி போயிட்டான்.
4. அவன் போனா எனக்கு என்ன? வீட்டு விசேஷம் எதுன்னாலும் அவனைப் பத்தித்தான் பேச்சு.
5. பேசினா பேசட்டுமே, எனக்கு ஏன் வலிக்குது? அந்தப் பேச்சு நடக்கும்போது அப்பா ஒண்ணும் சொல்லாம உட்கார்ந்திருப்பார். அவருக்கு நான் போதலையோன்னு பயம்.

அஞ்சாவது பதில் வந்தப்போ நான் அப்பாவோட கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டு இருந்தேன். 48 நாளா முருகன்கிட்ட கேட்டது ஒரு விசா. உள்ளே வேண்டியிருந்தது, பக்கத்துல நிக்கிற இந்த மனுஷனோட ஒரு வார்த்தை.

"அப்பா, நான் ஆபீஸ்ல என்ன வேலை பார்க்கிறேன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"நீ சொன்னாத்தானேடா தெரியும்? கேட்டா, உங்களுக்குப் புரியாதுன்னு சொல்லிடுவே" என்றார்.

அடுத்த இருபது படி நான் ஒண்ணும் பேசலை. அப்புறம் சொல்ல ஆரம்பிச்சேன். ஆஸ்பத்திரிகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதறோம், ராத்திரி அது நின்னா யார் எழுந்திருக்கணும், எல்லாம். முப்பது வருஷமா தையல் கடை வச்சிருக்கிறவர், ரொம்பக் கவனமா கேட்டார். "தையல் பிரிஞ்சா மேல மேல ஒட்டுப் போடக்கூடாது, பிரிச்சுட்டுத் தைக்கணும். உன் வேலையும் அதுதானா?" என்றார். எனக்குத் தெரிஞ்சு என் வேலைக்கு இதைவிட நல்ல விளக்கம் யாரும் கொடுத்ததில்லை.

டிக் போடுறதுல இருக்கிற ஆபத்து

1971-ல் எட்வர்ட் டெசி என்ற உளவியலாளர் கல்லூரி மாணவர்களுக்குப் புதிர் விளையாட்டு கொடுத்து ஒரு சோதனை பண்ணினார். ஒரு குழுவுக்கு நடுவுல ஒரு கட்டத்துல மட்டும் காசு கொடுத்தார். காசு நின்னதுக்கு அப்புறம், அவங்க ஓய்வு நேரத்துல அந்தப் புதிரைத் தொட்டுப் பார்க்கிறது முன்னைவிடக் குறைஞ்சிடுச்சு. பிடிச்சு செஞ்ச வேலை, கூலிக்குச் செய்ற வேலையா மாறிடுச்சு.

என் பாராயணத்துக்கு நடந்ததும் அதேதான். சின்ன வயசுல கிருத்திகை அன்னைக்கு அம்மா கூட உட்கார்ந்து பாடும்போது எதையும் எதிர்பார்த்ததில்லை. சந்தோஷமா இருந்தது, பாடினேன். அதை ஒரு பேரம் ஆக்கினேன். பேரம் படியலைன்னதும் விளக்கையும் அணைச்சுட்டேன்.

வேண்டுதல் வைக்கிறது தப்புன்னு சொல்ல வரலை. வள்ளிமலை சுவாமிகளே வயித்து வலிக்காகத்தான் பழனிக்கு வந்தார். ஆனா வலியோட வந்தவர் பாட்டோட தங்கிட்டார். நாம எதுக்கு வந்தோம்ங்கிறதோட நின்னுடக் கூடாது, அவ்வளவுதான்.

இச்சை, கிரியை, ஞானம்

முருகனைப் படத்துல பாருங்க. ஒரு பக்கம் வள்ளி, இச்சா சக்தி. இன்னொரு பக்கம் தெய்வானை, கிரியா சக்தி. கையில வேல், ஞான சக்தி. ஆசை, செயல், அறிவு, மூணும் சேர்ந்துதான் நிக்குது. ஆசைப்படாதேன்னு அவர் சொல்லலை. ஆசைக்கும் செயலுக்கும் நடுவுல வேல் இருக்கணும்.

இந்த வருஷக் கடைசியில நீங்களும் ஒரு பேப்பர் எடுத்து இப்படிப் பண்ணிப் பாருங்க:

ஆசை: இந்த வருஷம் ரொம்பத் தவிச்ச ஒரே ஒரு விஷயத்தை எழுதுங்க. லிஸ்ட் வேண்டாம்.

அறிவு: அதுக்குக் கீழே அஞ்சு தடவை "ஏன்" கேளுங்க. முதல் ரெண்டு பதில் மத்தவங்ககிட்ட சொல்ற பதிலாத்தான் இருக்கும். கொஞ்சம் கூச்சமா இருக்கிற பதில் வர்ற வரைக்கும் போங்க. ஒவ்வொரு பதிலும் நிஜமான்னு நடந்ததை வச்சு சரிபாருங்க.

செயல்: வேர்ல இருக்கிறதுக்கு ஒரு சின்ன வேலை. "அடிக்கடி பேசணும்" என்று எழுதினா நடக்காது. "இது முடிஞ்ச உடனே இது" என்று கட்டிப் போடுங்க. உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் ஆராய்ஞ்சு சொன்ன முறை இது. நான் எழுதினது: "ஞாயித்துக்கிழமை காலையில காபி குடிச்சு முடிச்ச உடனே அப்பாவுக்கு போன்."

எல்லா ஞாயிறும் பண்ணலை. ரிலீஸ் இருந்த வாரங்கள்ல விட்டுப் போச்சு. அப்போ அப்பாவே கூப்பிட்டார், "இன்னும் காபி குடிக்கலையாடா?" என்று.

ஆன்சைட் இந்த வருஷமும் வரலை. வந்தா போவேன், அந்த ஆசை இன்னும் இருக்கு. ஆனா வரலைன்னு விளக்கை அணைக்கலை. ஆப்பையும் எடுத்துட்டேன். எத்தனை நாள் படிச்சேன்னு இப்போ எனக்கே தெரியாது.

இந்த 31-ம் தேதியும் படி ஏறப் போறோம். அப்பாவுக்கு முட்டி வலி இன்னும் கூடியிருக்கு. மெதுவாத்தான் போவோம். படிக்கு ஒரு பாட்டு பாடுற மலையில அவசரம் எதுக்கு?

நீங்க இருக்கிற இடத்துல இருந்தே ஒரு விளக்கேத்தி, ஒரே ஒரு "ஏன்" கேட்டுப் பாருங்க. மீதி நாலையும் அவன் கேட்க வைப்பான்.

ஓம் சரவணபவ. முருகா சரணம்!