வீட்டு வைஃபைக்கும் பூட்டு வேண்டும்

வீட்டுக்கு முதன்முதலாக வைஃபை போடும்போது, ஆள் வந்து மாட்டிவிட்டுப் போனதும் வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறோம். 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சில நிமிடங்களுக்கு முன் வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் ஒரு வீட்டின் பாதுகாப்பில்லாத வைஃபை வழியாக அனுப்பப்பட்டது. அனுப்பியது வேறு யாரோ. விசாரணை வந்ததோ வீட்டுக்காரரிடம்.

ஆகவே, இணைப்பு வந்த அன்றே நாம் செய்ய வேண்டியவை:

1. ரூட்டரின் அடியில் ஒட்டியுள்ள முகவரியை (பெரும்பாலும் 192.168.1.1) செல்போன் பிரவுசரில் திறந்து, அட்மின் பாஸ்வேர்டை மாற்றுவோம்.

2. பாதுகாப்பு முறையாக டபிள்யூபிஏ3, அது இல்லையென்றால் டபிள்யூபிஏ2 வைப்போம்.

3. வைஃபை பாஸ்வேர்டு 12 எழுத்துக்குக் குறையக்கூடாது. பிள்ளைகளின் பெயர், செல் நம்பர் வேண்டாம்.

4. விருந்தினருக்குக் ‘கெஸ்ட்’ இணைப்பைத் தனி பாஸ்வேர்டுடன் கொடுத்து, அவர்கள் போனதும் நிறுத்திவிடுவோம்.

அக்கம்பக்கத்தார் கேட்டால் மறுக்க நமக்கு மனம் வராது. ஆனால் அந்த இணைப்பில் நடப்பது எல்லாம் நம் பெயரில்தான் பதிவாகும்.