களிமண் நிலமும் வெப்பமும்

ஊராட்சிக் கட்டடம் ஒன்று எழுப்பப்பட்டு இரண்டு ஆண்டுகள் கழிவதற்குள் ஒரு மூலை தாழ்ந்து, சுவரில் சாய்வாக வெடிப்பு ஓடுகின்றது. உடனே கொத்தனாரின் மீதும் சிமெண்டின் மீதும் பழி சுமத்துகிறோம். தூர்ந்த ஏரியின் மீதோ, கழிமுகத்துக் கடலோர நிலத்திலோ எழுந்த கட்டடமாயின், குற்றம் பெரும்பாலும் அடியிலுள்ள மெல்லிய களிமண்ணினுடையதாகும்.

இம்மண்ணின் நுண்ணிய துளைகளில் நீர் நிறைந்திருக்கும். மேலே பாரம் ஏறியதும் முதலில் அந்நீரே அதனைத் தாங்குகின்றது. பின்னர் நீர் சிறிது சிறிதாகக் கசிந்து வெளியேற, மண் இறுகித் தாழ்கின்றது. இதற்குரிய கணக்கைக் கார்ல் டெர்சாகி என்னும் அறிஞர் 1925-ஆம் ஆண்டில் வகுத்தளித்தார். களிமண் படுகை இரு மடங்கு தடிப்பாயின், அது இறுகுவதற்கு நான்கு மடங்கு காலம் பிடிக்கும் என்பது அக்கணக்கின் பயன்.

வெப்பம் இதில் எவ்வாறு புகுகின்றது? சூடேறிய எண்ணெய் இளகி ஓடுவதை அடுக்களையில் யாவரும் கண்டிருப்பர். நீரும் அவ்வாறே. 20 பாகை வெப்பத்திலுள்ள நீரை 40 பாகைக்கு உயர்த்தினால் அதன் பிசுக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகின்றது. ஆகவே சூடான களிமண்ணிலிருந்து நீர் விரைவாக வெளியேறும். குளிரூட்டிய ஆய்வுக்கூடத்தில் 20 பாகையில் சோதித்து, மண் இறுக 20 மாதம் ஆகும் என்று கணித்தால், 30 பாகை வெப்பமுள்ள நிலத்தடியில் அது 16 மாதத்திலேயே நிகழக்கூடும். மண் மாதிரியைச் சோதனைக்கு அனுப்புவோர், எந்த வெப்பத்தில் சோதித்தார்கள் என்று கேட்டறிவது நலம்.

கோடையில் வயல் பிளப்பது வேறு செய்தி. அது மேல்மண் உலர்வதால் நேர்வது. சில மீட்டர் ஆழத்திற்குக் கீழே நிலத்தின் வெப்பம் ஆண்டு முழுவதும் பெரிதும் மாறுவதில்லை.

மற்றொரு விளைவும் உண்டு. முன்னர் மிகுந்த பாரம் தாங்கியறியாத இளங்களிமண், சூடேறினால் சுருங்கும். ஆறிய பின்னும் பழைய பருமனுக்கு மீளாது. காம்பனெல்லா, மிட்செல் ஆகிய இருவரும் 1968-இல் வெளியிட்ட ஆய்வு இதனை விளக்குகின்றது. பாங்காக் நகரத்துக் களிமண்ணில் வடிகால் பட்டைகளைச் செருகி, 90 பாகை வரை சூடேற்றி, நிலத்தை முன்கூட்டியே இறுகச் செய்யும் முறையை ஆராய்ந்து 2006-இல் வெளியிட்டனர். செலவு மிகுந்த அம்முறை நம் ஊராட்சிகளுக்கு ஏற்றதன்று.

நாம் செய்யத்தக்கது எளிது. கட்டடம் எழவிருக்கும் இடத்தில், அதன் எடைக்குக் குறையாத மண்ணைக் குவித்து, பொறியாளர் குறிக்கும் காலம் வரை விட்டுவைக்கலாம். நெல் அவிக்கும் கொதிகலன், செங்கற் சூளை ஆகியவற்றை இத்தகைய நிலத்தில் பள்ளி, கிடங்கு முதலியவற்றின் சுவரை ஒட்டி அமைக்க இடந்தரலாகாது. அடுப்பின் வெப்பம் அடிமண்ணுக்கு இறங்காதவாறு தளத்தின் கீழே காற்று உலவும் இடைவெளி விட்டுக் கட்டுமாறு, உரிமம் வழங்கும்போதே எழுதிச் சேர்க்கலாம்.