விறகு வாங்கப் போகும் தம்பிக்கு



திண்டுக்கல் பக்கம் சுட்ட இறைச்சிக்கென்றே ஒரு கடை போடப்போவதாகவும், அமெரிக்க ஹிக்கரிக் கட்டைகளைப் பெட்டி பெட்டியாக வரவழைக்க விலை கேட்டிருப்பதாகவும் எழுதியிருந்தாய். அந்தப் பணத்தை அதில் போடாதே. அதே காசில் நாலு தூண் நட்டு விறகுக்கு ஒரு கொட்டகை போடு. உன்னைப் போல இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் பலர் இதே கேள்வியைக் கேட்பதால், பதிலைப் பொதுவில் எழுதுகிறேன்.

ஹிக்கரி நல்ல மரம்தான். ஆனால் டென்னசிக்காரர்களும் கரோலினாக்காரர்களும் அதை எரிப்பது, அது அவர்கள் காட்டில் வளர்கிறது என்பதால். டெக்சஸின் நடுப்பகுதியில் போஸ்ட் ஓக் என்ற கருவாலி வகை நிற்கிறது. லாக்ஹார்ட்டில் 1900இல் தொடங்கிய க்ரைட்ஸ் மார்க்கெட்டிலும், 2009இல் ஆஸ்டினில் வண்டிக்கடையாகத் தொடங்கிப் பெரும்பேர் வாங்கிய ஃபிராங்க்ளின் கடையிலும் அதுதான் எரிகிறது. அதே மாநிலத்தில் தெற்கேயும் மேற்கேயும் போனால் மெஸ்கீட் மரம். அவரவர் பக்கத்தில் நின்ற மரத்தை எடுத்து, அதன் குணத்துக்கேற்ப அடுப்பைக் கட்டி, தீயைப் பழக்கினார்கள். அவர்களிடமிருந்து நீ எடுத்துக்கொள்ள வேண்டியது இந்தப் பழக்கம்தான்.

உன் பக்கத்தில் நிற்பது எது? முதலில் சீமைக்கருவேலம். அது அமெரிக்கக் கண்டத்து வறள்நில மரம். டெக்சஸ் மெஸ்கீட்டுக்கு மிக நெருங்கிய உறவு. 1870களில் சென்னை மாகாணத்துக்கு விதை வந்தது. பிறகு இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், தூத்துக்குடி என்று கண்மாயையும் புஞ்சையையும் பிடித்துக்கொண்டது. நீதிமன்றமே அகற்றச் சொன்ன மரம் என்பதால், அதை வெட்டி எரிப்பதில் உனக்கு மனக்குறை வேண்டியதில்லை. விலையும் மலிவு. மெஸ்கீட் என்று சீட்டு ஒட்டி வரும் பொட்டலத்தைக் காசு கொடுத்து வாங்குகிற உன் தோழர்களுக்கும் இதைச் சொல்.

ஆனால் அதன் குணம் தெரிந்து கையாள வேண்டும். சீமைக்கருவேலம் அடர்ந்த மரம், சூடு கடுமை, புகையும் காட்டம். அந்தப் புகையில் ஒரு தொடையை எட்டு மணி நேரம் போட்டு வைத்தால் நாக்கு மரத்துப்போகும். டெக்சஸில் லானோ என்ற ஊரில் கூப்பர்ஸ் என்ற கடையில், மெஸ்கீட்டைத் தனிக் குழியில் எரித்துக் கனலாக்கி, அந்தக் கனலை மட்டும் வாரிவந்து இறைச்சிக்கு அடியில் போடுகிறார்கள். நீயும் அப்படியே செய். பச்சைப் புகை முழுதும் போய்ச் செங்கனல் ஆன பிறகு ஆட்டு நெஞ்செலும்புத் துண்டோ, கோழித் தொடையோ, மீனோ வாட்டினால் அதற்கு ஈடு கிடையாது. இன்னொரு வழி கரி. நான் சொன்ன அந்தத் தென்மாவட்டங்களில் மூட்டம் போட்டு, மேலே மண் மூடி, காற்று அதிகம் புகாமல் பல நாள் வேகவிட்டு எடுக்கும் கரி அருமையானது. தூர்க்கட்டையில் எடுத்தது இன்னும் கனம். வாங்கும்போது இரண்டைத் தட்டிப் பார். கணீரென்று ஒலிக்க வேண்டும். உடைத்துப் பார்க்கையில் உள்ளே பழுப்பு தெரிந்தால் அது சரியாக வேகாத கரி. அடுப்பில் போட்டதும் புகையும்.

கரியும் விறகும் ஒரே வேலையைச் செய்வதில்லை என்பதை மனதில் வை. நன்றாக வெந்த கரியிலிருந்து மணம் தரும் பொருள்கள் பெரும்பாலும் போய்விட்டிருக்கும், மிஞ்சுவது சூடு. சிரட்டைக்கரி இன்னும் சுத்தம். நின்று எரியும், சாம்பல் குறைவு. சுட்ட இறைச்சியின் மணத்தில் பெரும்பங்கு கனலில் சொட்டும் கொழுப்பிலிருந்தும் மேல்தோல் சிவப்பதிலிருந்தும் வருகிறது. விறகுப் புகையின் மணம் வேறு. அது மரத்தின் லிக்னினில் இருக்கிறது. மரத்துக்கு உறுதி தரும் அந்தப் பொருள் சூட்டில் சிதையும்போது குவையகால், சிரிங்கால் என்ற இரண்டும் பிறக்கின்றன. முன்னது புகையின் ருசி, பின்னது புகையின் வாசம். பைன் போன்ற ஊசியிலை மரங்களில் சிரிங்கால் தரும் பகுதி கிட்டத்தட்ட இல்லை. மேலே பிசின் வேறு. அதனால்தான் மலையிலிருந்து பைன் கட்டை சும்மா கிடைத்தாலும் எடுக்காதே என்கிறேன்.

இறைச்சி புகையைப் பிடிப்பது குளிர்ச்சியும் ஈரமும் இருக்கும்போதுதான். குளிர்ந்த செம்பின் மேல் நீர் கோப்பது போலப் புகை அதன் மேல் படிகிறது. மேற்புறம் காய்ந்து பொருக்கு கட்டிய பின் அவ்வளவாக ஏறாது. ஆகவே உன்னிடம் இருக்கும் நல்ல கட்டைகளை முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில் செலவழி. அதன் பிறகு சூடு மட்டும் சீராக இருந்தால் போதும். 110 முதல் 130 டிகிரி செல்சியஸுக்குள் நிறுத்து.

அந்த நல்ல கட்டை எது? என் தீர்ப்பு கொய்யா. புகை மென்மை, இனிப்பு, நிறமும் அழகாக ஏறும்; கோழிக்கும் பன்றிக்கும் எனக்கு அதைவிடப் பிடித்தது இல்லை. ஹவாய்த் தீவுகளிலும் கொய்யா விறகில் இறைச்சியைப் புகையூட்டுகிறார்கள். உனக்கு எவ்வளவு வசதி பார்: பழனிக்குப் பக்கத்தில் ஆயக்குடி, கொய்யாவுக்கே பேர்போன ஊர். தோட்டக்காரர்கள் கவாத்து செய்வார்கள், கிழட்டு மரங்களைக் கழிப்பார்கள். நேரில் போய்ப் பேசு. கடைசியாக எப்போது மருந்து அடித்தார்கள் என்றும் கேட்டு வை. அடுத்தது புளி. வைரம் பாய்ந்த புளியங்கட்டை நின்று எரியும், கனல் நெடுநேரம் கிடக்கும். ஆட்டுத் தொடைக்கும் மாட்டு நெஞ்சுக்கும் அந்தக் கனலின் மேல் ஒன்றிரண்டு கொய்யாக் கட்டை வைத்தால் போதும். சவுக்கு பிரியாணி அடுப்புக்குச் சிறந்த விறகு, பச்சையாகவே பற்றும். அந்தக் குணத்தை நம்பி ஈரத்தோடு அடுப்பில் தள்ளாதே; தேக்சா மூடியிருப்பதால் பிரியாணிக்குள் புகை போவதில்லை, உன் இறைச்சி திறந்து கிடக்கிறது. மா, நன்றாகக் காய்ந்திருந்தால் பரவாயில்லை. பச்சையில் அதன் பால் சிலருக்குத் தோலில் எரிச்சல் தரும்.

கூடாதவற்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். வேம்பு கசக்கும், கொசு விரட்டத்தான் அந்தப் புகை. தைலமரம் எண்ணெய் வாடை. அரளி, எருக்கு, எட்டி மூன்றும் நஞ்சு. குச்சியைக்கூட இறைச்சி கோக்க எடுக்காதே. கடலோரத்துத் தில்லை கண்ணைக் கெடுக்கும். முந்திரிக்கொட்டையின் ஓட்டில் இருக்கும் எண்ணெய் தோலைப் பொசுக்கும். அதன் புகையும் அப்படித்தான். பழைய கதவு, ஜன்னல், ப்ளைவுட், பொதிப்பெட்டிப் பலகை எதையும் அடுப்புக்குப் பக்கத்திலேயே வைக்காதே. கரையானுக்காக மருந்தேற்றிய மரத்தில் ஆர்சனிக் இருக்கலாம். எரித்தால் சாம்பலிலும் புகையிலும் அது இருக்கும். வாடிக்கையாளர் உன்னை நம்பித்தான் பிள்ளைக்கு ஊட்டுகிறார்.

மரத்தின் பேரைவிட முக்கியம் அதன் ஈரம். இந்தக் கடிதத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதே. புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் பாதியளவு தண்ணீராக இருக்கலாம். அது 20 சதவீதத்துக்குக் கீழே இறங்க வேண்டும். ஈரக்கட்டை சூட்டையெல்லாம் தண்ணீரை விரட்டவே செலவழிக்கும். தீ மந்தமாகி, வெள்ளையாகக் கெட்டிப் புகை வரும். தார் இறைச்சியில் படிந்து கசக்கும். கொய்யாவே ஆனாலும் கசக்கும். நல்ல தீயின் புகை மெல்லியதாக, லேசான நீலத்தில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் போகும். சூடு கூடிவிட்டால் காற்றுவாயை அடைத்துத் தீயைத் திணறடிக்காதே, சின்னத் தீயாகப் போடு. மரச்சீவல்களைத் தண்ணீரில் ஊறவைக்கும் வழக்கத்தையும் விட்டுவிடு. தண்ணீர் மேலோட்டமாகத்தான் இறங்கும். அது ஆவியாகும் வரை உனக்குக் கிடைப்பது நீராவி.

கட்டையை மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்து, தரையில் படாமல் கல் வைத்து, மேலே கூரையும் பக்கமெல்லாம் காற்றும் இருக்கும்படி அடுக்கு. நாலைந்து கட்டையில் அடையாளம் போட்டு வாரம் ஒருமுறை நிறுத்துப் பார். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது. முனையில் வெடிப்பு ஓடும், பட்டை தானாகக் கழலும்.

இன்னொன்று, உடல்நலம். கொழுப்பு நேராகத் தீயில் சொட்டிப் பற்றும்போது பென்சோபைரீன் போன்ற புற்றுநோய் தரும் பொருள்கள் உண்டாகி இறைச்சியில் ஏறுகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2014 முதல் புகையூட்டிய இறைச்சியில் கிலோவுக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேல் பென்சோபைரீன் கூடாது என்று வைத்திருக்கிறது. தீயை ஒரு பக்கம் ஒதுக்கி, இறைச்சியை மறுபக்கம் வைத்து, அடியில் கொழுப்பு பிடிக்க ஒரு தட்டு வை. கருகிய இடத்தைச் சீவி எறி.

பங்குனி முடிவதற்குள் ஆயக்குடிக்குப் போய்விட்டு வா. சித்திரை, வைகாசி வெயிலில் உன் கொட்டகை நிறைந்திருக்க வேண்டும். ஐப்பசி மழை பிடித்த பிறகு விறகுக்கடையில் நீ வாங்குவது பெரும்பாலும் ஈரக்கட்டையாகத்தான் இருக்கும்.

அன்புடன்,
உன் அண்ணன்